மொன்றியல் றோயல்ஸ்: எங்கள் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மொன்றியலில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

என் பிள்ளைகள் இருவரும் உங்கள் வகுப்புகளில் தமிழ் படித்தவர்கள். இப்போது பேத்தி படிக்கிறாள். சென்ற இலையுதிர் காலத்தில் ‘எங்கள் நகரம்’ என்ற தலைப்பில் பத்து வாக்கியம் எழுதி வரும்படி அவளுக்கு வீட்டுவேலை கிடைத்தது. மலை, சென் ஜோசப் தேவாலயம், ஒலிம்பிக் அரங்கு, மெற்றோ என்று ஏழு வாக்கியம் எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தபடி இருந்தவளை, மிச்சம் மூன்றுக்கு ஏதாவது காட்டுவோம் என்று, ஒன்ராறியோ வீதியும் டெ லோரிமியே வீதியும் சந்திக்கும் மூலைக்கு அழைத்துப் போனேன். அங்கே இப்போது இருப்பது பியேர்-டுப்வி என்ற உயர்நிலைப் பாடசாலை. இந்த நிலத்தில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இருந்து பார்க்கக்கூடிய பேஸ்போல் அரங்கு இருந்தது, அதில் மொன்றியல் றோயல்ஸ் என்ற அணி ஆடியது என்று சொன்னேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தவள், “அந்த ரீம் இப்ப எங்க, தாத்தா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மடல் அதிலிருந்து பிறந்தது.

நான் உங்களிடம் கேட்பது இதுதான்: 1960இல் மறைந்துபோன இந்த அணியின் வரலாற்றை, எங்கள் பிள்ளைகள் வாழும் நகரத்தின் வரலாறாக, தமிழில், உங்கள் வகுப்புகளில் சொல்லிக் கொடுங்கள். அந்த அணியில் ஆடிய கறுப்பின வீரர் ஜாக்கி றொபின்சனின் பெயரைப் பகல்நேரப் பாடசாலையில் எங்காவது அவர்கள் கேட்டிருக்கக்கூடும். ஆனால் அது பெரும்பாலும் நல்ல மனிதர் ஒருவர் நல்ல நகரத்துக்கு வந்தார், நகரம் அவரைக் கொண்டாடியது என்ற அளவில் முடிந்துவிடுகிறது. உண்மையில் நடந்தது அதைவிடப் பெரியது. வந்தேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது முழுவதுமாகத் தெரியவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களில் பலருக்கு மைனர் லீக் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பேஸ்போலில் உச்சத்தில் இருப்பவை மேஜர் லீக் அணிகள். அவற்றுக்குக் கீழே படிப்படியாக மைனர் லீக் அணிகள் இருக்கின்றன. இளம் வீரர்கள் அங்கே பழகி, தேறி, மேலே போவார்கள். வீரர்கள் பயிராகும் வயல்கள் என்ற கருத்தில் அமெரிக்கர்கள் அவற்றைப் பண்ணை அணிகள் என்று அழைப்பார்கள். றோயல்ஸ் ஆடியது மேஜர் லீக்குக்கு அடுத்த படியான இன்ரர்நாஷனல் லீக்கில். ரொறன்ரோ, பஃபலோ, றொச்செஸ்ரர், நியூவார்க், ஜேர்சி சிற்றி, போல்ரிமோர், சிரக்கியூஸ் ஆகிய நகரங்களின் அணிகள் அதே லீக்கில் ஆடின.

றோயல்ஸ் என்ற பெயர் இந்த நகரத்தில் முதலில் ஒலித்தது 1897இல். அந்த முதல் அணி 1917 வரை ஆடிவிட்டு நின்றுபோனது. பதினொரு வருடங்களுக்குப் பின், 1928இல், கியூபெக் அரசியல்வாதி அத்தனாஸ் தவீட், அமெரிக்கப் பேஸ்போலில் பெயர் பெற்ற ஜோர்ஜ் ஸ்ராலிங்ஸ் ஆகியோர் அடங்கிய குழுவொன்று அணியைத் திரும்ப உயிர்ப்பித்தது. டெலோரிமியே அரங்கு எழுந்ததும் அந்த ஆண்டில்தான். 1935இல் அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் பிராங் ஷோனெசி பின்னர் அந்த லீக்கின் தலைவராகவே ஆனார். முதல் நான்கு இடங்களைப் பிடித்த அணிகள் மோதிச் சாம்பியனைத் தீர்மானிக்கும் முறையை மைனர் லீக்குகளில் பரப்பியவர் அவர். 1939 முதல் நியூ யோர்க்கின் புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலையாய பண்ணை அணியாக றோயல்ஸ் ஆனது. அந்த உறவு இல்லாவிட்டால் அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

அமெரிக்க மேஜர் லீக்கில் அறுபது வருடங்களாக ஒரு கறுப்பினத்தவர்கூட ஆட அனுமதிக்கப்படவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லாமலே எல்லோரும் கடைப்பிடித்த தடை அது. அதை உடைக்கத் தீர்மானித்தவர் டொட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் றிக்கி. அவர் தெரிந்தெடுத்த வீரர் ஜாக்கி றொபின்சன். தெரிந்தெடுத்த நகரம் மொன்றியல். 1945 ஒக்ரோபர் 23 அன்று, றோயல்ஸின் தலைவர் எக்டர் றசீன் டெலோரிமியே அரங்கில் செய்தியாளர்களைக் கூட்டி, றொபின்சன் ஒப்பந்தம் செய்யப்பட்டதை அறிவித்தார்.

அடுத்த வசந்தத்தில் புளோரிடாவில் நடந்த பயிற்சிக் காலத்தைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். றொபின்சன் ஆடுகிறார் என்பதற்காக ஜாக்சன்வில் நகரத்தில் மைதானத்தின் கதவு பூட்டப்பட்டது. சான்போட்டில் ஆட்டத்தின் நடுவே அவரை வெளியேற்றும்படி காவல்துறை உத்தரவிட்டது. டேற்றோனா பீச் நகரம் மட்டும் இடம் கொடுத்தது. 1946 மார்ச் 17 அன்று அவர் அங்கே ஆடிய மைதானம் இன்று அவருடைய பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

1946 ஏப்ரல் 18, ஜேர்சி சிற்றி. அந்த ஒரு நாளை மட்டும் வைத்து நீங்கள் ஒரு முழு வகுப்பை நடத்தலாம். அரங்கு நிறைந்திருக்கிறது. முதல் முறை துடுப்பெடுத்தபோது றொபின்சன் பந்தைத் தரையோடு அடித்து ஆட்டமிழந்தார். இரண்டாவது முறை, மூன்றாவது இன்னிங்ஸில், ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய தளங்களில் இரண்டு வீரர்கள் நிற்க, பந்தை இடப்பக்க வேலிக்கு மேலால் அனுப்பினார். ஹோம் றன் அடித்தவர் தளங்களைச் சுற்றி ஓடிவந்து சேரும்போது, அடுத்ததாகத் துடுப்பெடுக்க நிற்பவர் கைகொடுத்து வரவேற்பது வழக்கம். அன்று அங்கே நின்றவர் ஒஹையோ மாநிலத்து வெள்ளையரான ஜோர்ஜ் ஷூபா. அவர் ஒரு கணமும் தயங்காமல் கையை நீட்டினார். அந்தக் கைகுலுக்கலின் புகைப்படம் இன்றும் இருக்கிறது. றொபின்சனின் முகம் முழுக்கச் சிரிப்பு. ஷூபாவின் முகத்திலும் அதே சிரிப்பு. வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு றொபின்சன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு முதல் தளத்துக்கு ஓடினார். வீச்சாளரின் கண்ணுக்கு முன்னாலேயே இரண்டாம் தளத்தைத் திருடினார்; பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதை அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாம் தளத்தில் நின்றுகொண்டு ஓடுவதுபோலப் பாவனை காட்டி வீச்சாளரைத் தடுமாறவைத்து, அந்தத் தவறுக்கான தண்டனையாகவே ஓட்டம் ஒன்றைப் பெற்றார். றோயல்ஸ் 14க்கு 1 என்று வென்றது.

அந்தப் பருவ முடிவில் றோயல்ஸ் 100 ஆட்டங்களில் வென்றிருந்தது. 0.349 என்ற சராசரியோடு, அதாவது துடுப்பெடுத்த மூன்று தடவைக்கு ஒன்றுக்கு மேல் பந்தை அடித்துத் தளம் சேர்ந்து, லீக்கிலேயே முதல் துடுப்பாளராக றொபின்சன் நின்றார். 40 தளங்களைத் திருடியிருந்தார். இந்த எண்களைப் பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருந்த மனிதர் பட்ட பாட்டையும் அவர்கள் அறியவேண்டும். போல்ரிமோரில் அவரது மனைவி றேச்சல் பார்வையாளர் நடுவே இருந்து கணவர்மீது பொழிந்த வசைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிரக்கியூஸில் எதிரணியினர் ஒரு கறுப்புப் பூனையை மைதானத்துக்குள் விட்டு அவரைக் கேலி செய்தார்கள். திருப்பி ஒரு சொல் சொல்வதில்லை என்று றிக்கிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். உணவு இறங்காமலும் உறக்கம் வராமலும் போய், நரம்புத் தளர்ச்சியின் விளிம்பில் இருக்கிறார் என்று மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லும் நிலைக்கு அவர் வந்தார்.

இறுதித் தொடர், இன்னொரு மைனர் லீக்கின் சாம்பியனான கென்ரக்கி மாநிலத்து லூயிவில் அணியோடு நடந்தது. முதல் மூன்று ஆட்டங்கள் லூயிவிலில். அங்கே கறுப்பினப் பார்வையாளர்களுக்கு மிகக் குறைந்த இருக்கைகளே ஒதுக்கப்பட்டன. றொபின்சன் களத்தில் இறங்கும்போதெல்லாம் அரங்கு ஊளையிட்டது. அவரால் சரியாக ஆட முடியவில்லை. றோயல்ஸ் மூன்றில் இரண்டைத் தோற்று ஊர் திரும்பியது. லூயிவிலில் நடந்ததை மொன்றியல் மக்கள் பத்திரிகையில் படித்திருந்தார்கள். லூயிவில் வீரர் ஒவ்வொருவரும் துடுப்போடு வரும்போது, இந்த நகரத்து மக்கள் தங்கள் ஆளுக்காக அதே ஊளையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பண்பான செயல் என்று அதை நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. றோயல்ஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று, ஒக்ரோபர் 4 அன்று வாகை சூடியது. சனங்கள் மைதானத்துக்குள் இறங்கி றொபின்சனைத் தோளில் தூக்கினார்கள். உடை மாற்றி வெளியே வந்தபோதும் விடாமல் வீதியில் துரத்தினார்கள். மொன்றியல் செய்தியாளர் சாம் மோல்ரின், ஒரு கறுப்பு மனிதர் வெள்ளைக் கூட்டம் ஒன்றுக்கு முன்னால் ஓட, அந்தக் கூட்டத்தின் மனதில் கொலைக்குப் பதிலாக அன்பு இருந்தது வரலாற்றிலேயே அன்று ஒருநாள்தான் என்ற பொருள்பட எழுதினார். பருவத் தொடக்கத்தில் இந்த வீரரைத் தன் பொறுப்பில் தரவேண்டாம் என்று கெஞ்சிய பயிற்சியாளர் கிளே ஹொப்பர், மிசிசிப்பிக்காரர், கடைசியில் அவரைத் தேடிப்போய்க் கைகுலுக்கினார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடவேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு றோயல்ஸில் இருந்த கறுப்பின வீரர் றொபின்சன் ஒருவர் மட்டுமல்ல. நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த வீச்சாளர் ஜொனி றைட் அவரோடு புளோரிடாவிலிருந்தே வந்தவர். அதே மிரட்டலையும் அதே பூட்டிய கதவையும் அவரும் பார்த்தார். ஓரிரு ஆட்டங்களில் மட்டும் பந்து வீசக் கிடைத்தது. பின்னர் கீழ்ப்படி அணியான த்றுவா-ரிவியேருக்கு அனுப்பப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்த றோய் பார்ட்லோவும் சில வாரங்களில் அதே ஊருக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு த்றுவா-ரிவியேர் தன் லீக்கின் சாம்பியன் ஆனது. மேஜர் லீக்கின் கதவு அவர்கள் இருவருக்கும் ஒருபோதும் திறக்கவில்லை. ஒரே பாரத்தை மூவர் சுமந்தார்கள். ஒருவரைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். புதிய நாடொன்றில் சிலர் நிமிர்ந்துவிடச் சிலர் உடைந்துபோனதை எங்கள் சமூகத்திலும் கண்டிருக்கிறோம். ஆதலால் றைட்டின் பெயரையும் பார்ட்லோவின் பெயரையும் எங்கள் பிள்ளைகள் உச்சரிக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. றொபின்சன் வருவதற்குப் பத்து வருடங்களுக்கு முன், 1936 யூலையில், இதே மொன்றியலில், ஹொக்கி ஆட்டங்கள் நடக்கும் போறம் கட்டடத்தில் இருந்த யோர்க் மதுச்சாலையில், பிரெட் கிறிஸ்டி என்ற கறுப்பினத்தவருக்கு ஒரு கிளாஸ் பியர் கொடுக்க மறுத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். 1939இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், தான் விரும்பாதவருக்கு விற்காமல் இருக்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. றொபின்சனைத் தோளில் தூக்கிய நகரமும் கிறிஸ்டியை வெளியே அனுப்பிய நகரமும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான், றொபின்சனுக்குக் கிடைத்த வரவேற்பைத் தந்தவர்கள் தனித்தனி மனிதர்கள், அவர்கள் வேண்டுமென்று அதைச் செய்தார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

அந்தத் தனித்தனி மனிதர்கள் வாழ்ந்த இடம் எங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. பார்க் எக்ஸ்டென்சனிலிருந்து ஜாரி வீதியால் ரயில் பாதைக்கு அடியே போய், ஜாரி பூங்காவையும் தாண்டி நடந்தால் வில்றேயில் டெ காஸ்பே வீதி வரும். 8232ஆம் இலக்க வீட்டில்தான் அந்தக் கோடையில் றொபின்சன் தம்பதியர் வாடகைக்கு இருந்தார்கள். 2011இல் அமெரிக்கத் தூதரகத்தினர் அதில் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். அந்த வீட்டைப் பார்க்கப் போன நாளை றேச்சல் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். கதவு முகத்தில் அறைந்து சாத்தப்படும் என்று எதிர்பார்த்துப் போனவரை, வீட்டுக்காரப் பெண்மணி சிரித்த முகத்தோடு உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். தன் பாத்திரங்களையும் விரிப்புகளையும் பாவித்துக்கொள்ளச் சொன்னார். றேச்சல் அப்போது கர்ப்பிணி. பிரெஞ்சு பேசும் அயல்வீட்டுப் பெண்கள் தங்கள் பங்கீட்டுக் கூப்பன்களைக் கொண்டுவந்து கொடுத்து, அவருக்கு உடை தைக்கவும் உதவினார்கள்.

1980களின் பிற்பகுதியில் நான் இந்த நகரத்தில் வீடு தேடியபோது, தொலைபேசியில் காலியாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட வீடு, நான் நேரில் போய் நின்றதும் ‘இப்போதுதான் போய்விட்டது’ என்று ஆனது. ஒரு முறை அல்ல, பல முறை. கடைசியில் ஒரு கிரேக்க அம்மா கதவைத் திறந்து, என் காலில் இருந்த மெல்லிய சப்பாத்தைப் பார்த்து, முதலில் உள்ளே வந்து குளிர்காயச் சொன்னார். வாடகையை அதற்குப் பிறகுதான் பேசினோம். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் அம்மப்பாவையோ அப்பம்மாவையோ கேட்டுப் பாருங்கள், எல்லோரிடமும் இப்படி ஒரு கதவுக் கதை இருக்கும். டெ காஸ்பே வீதியின் கதையை அவர்களால் ஒரே மூச்சில் விளங்கிக்கொள்ள முடியும்; பேரப்பிள்ளைக்குத் தமிழில் சொல்லவும் முடியும்.

றொபின்சன் அடுத்த ஆண்டே புறூக்ளினுக்குப் போய்விட்டார். பண்ணை அணியின் தலைவிதி அது. நன்றாக விளைந்ததை மேலே இருப்பவர் எடுத்துக்கொள்வார். 1947இல் றோய் கம்பனெலா வந்து போனார். 1948இல் டியூக் ஸ்னைடரும் டொன் நியூகமும் ஆடினார்கள். அந்த ஆண்டும், வோல்ரர் அல்ஸ்ரன் பயிற்சியாளராக இருந்த 1953ஆம் ஆண்டும், 1946இல் வென்ற அதே கிண்ணத்தைத் திரும்பவும் வென்றார்கள். 1954இல் புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து வந்த பத்தொன்பது வயது றொபேர்ட்டோ கிளமென்ரேயின் கதை விசித்திரமானது. அவரை மேஜர் லீக் அணியில் சேர்க்காமல் கீழே வைத்திருந்ததால், பருவ முடிவில் வேறு எந்த அணியும் அவரைத் தட்டிக்கொண்டு போகலாம் என்பது விதி. ஆகவே அவரை அதிகம் ஆடவிடாமல் ஒளித்தே வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். ஆனால் அவர் பந்து எறியும் வேகத்தைப் பயிற்சியின்போதே பார்த்துவிட்ட பிற்ஸ்பேர்க் அணியின் ஆள் கண்டுபிடித்துவிட்டார். பிற்ஸ்பேர்க் அவரை எடுத்துக்கொண்டது. பின்னாளில் 3,000 ஹிட் (பந்தை அடித்துத் தளம் சேர்வது) கண்ட கிளமென்ரே, 1972 டிசம்பர் 31 அன்று நிக்கராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருட்களோடு போன விமானம் கடலில் விழுந்து இறந்தார். றொபின்சன் இறந்ததும் அதே ஆண்டு ஒக்ரோபரில்தான்.

போகாமல் நின்றவரும் ஒருவர் உண்டு. ரொமி லசோர்டா என்ற இடக்கை வீச்சாளர் ஒன்பது பருவங்கள் றோயல்ஸில் ஆடி 107 ஆட்டங்களில் வென்றார். அந்த அணியின் வரலாற்றில் அதற்கு மேல் வென்ற வீச்சாளர் இல்லை. 1981இல், மொன்றியலின் எக்ஸ்போஸ் அணி மேஜர் லீக்கின் இறுதியான உலகத் தொடருக்குப் போகவிடாமல் கடைசி ஆட்டத்தில் தோற்கடித்த லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸின் பயிற்சியாளர் அதே லசோர்டாதான். இந்த நகரத்தின் மூத்த இரசிகர்களுக்கு அந்த ஒக்ரோபர் இன்னும் ஆறவில்லை.

பேத்தியின் கேள்விக்கு இனிப் பதில் சொல்கிறேன். 1957 பருவத்தோடு டொட்ஜர்ஸ் புறூக்ளினை விட்டு லொஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. கண்டத்தின் மறுகரையில் இருக்கும் எசமானருக்கு மொன்றியலில் ஒரு பண்ணை அணி தூரமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து, மேஜர் லீக் ஆட்டங்கள் வரவேற்பறைக்குள் நுழைந்தபின், மைனர் லீக் அரங்குகள் எல்லா ஊர்களிலும் வெறிச்சோடின. 1958இல் றோயல்ஸ் ஒரு முறை இன்ரர்நாஷனல் லீக் கிண்ணத்தை வென்றும்கூடக் கூட்டம் திரும்பவில்லை. 1960 பருவம் முடிந்ததும் டொட்ஜர்ஸ் உறவை அறுத்துக்கொண்டது. அணியின் உரிமம் சிரக்கியூஸுக்குப் போனது. அரங்கு பின்னர் இடிக்கப்பட்டது. 1969இல் எக்ஸ்போஸ் ஜாரி பூங்காவில் ஆடத் தொடங்கும்வரை இந்த நகரத்தில் எட்டுக் கோடைகள் தொழில்முறைப் பேஸ்போல் இல்லாமலே கழிந்தன. 2004 பருவத்தோடு அந்த எக்ஸ்போஸும் வொஷிங்டனுக்குப் போய்விட்டது.

இதை எப்படி வகுப்புக்குக் கொண்டுவருவது என்று நீங்கள் கேட்கலாம். இன்னொரு பாடநூல் தயாரிக்கும்படி நான் கேட்கவில்லை. உங்கள் ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் சனிக்கிழமைகளைத் தருகிறார்கள் என்பதை நான் அறிவேன். றொபின்சனின் முதல் ஆட்டம் நடந்த ஏப்ரல் 18, சித்திரைப் புத்தாண்டுக்கு நான்கு நாட்கள் பிந்தி வருகிறது. அந்த வாரத்தில் மேல் வகுப்புகளுக்கு ஒரே ஒரு பாட நேரத்தை ஒதுக்கினால் போதும். பனி முற்றாகக் கரைந்தபின், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெற்றோரும் சேர்ந்து டெ காஸ்பே வீட்டுக்கு நடந்துபோய், அங்கிருந்து மெற்றோவிலும் பஸ்ஸிலும் ஒன்ராறியோ வீதி மூலைக்கு வரலாம். பேஸ்போல் சொற்களைத் தமிழாக்குவதில் நேரம் போக்கவேண்டாம். பிள்ளைகள் ஹோம் றன் என்றே சொல்லட்டும். பங்கீட்டுக் கூப்பன் என்றால் என்ன, கதவை முகத்தில் அறைந்து சாத்துவது என்றால் என்ன என்பவைதான் அவர்கள் தமிழில் அறிந்துகொள்ளவேண்டியவை.

ஐந்து பக்க வாசிப்புப் பகுதி ஒன்றை எளிய தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். றைட், பார்ட்லோ, கிறிஸ்டி மூவரும் அதில் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். நடைப்பயணத்துக்கு வழிகாட்டியாக வரவும், வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் பகல் உணவு கொண்டுவரவும் நானும் என் மனைவியும் ஆயத்தமாக இருக்கிறோம். பேத்தி மிச்ச மூன்று வாக்கியங்களையும் எழுதி முடித்துவிட்டாள். அதில் கடைசி வாக்கியம், “ஷூபா கை கொடுத்தார்” என்பது.

இப்படிக்கு,
உங்கள் பாடசாலையின் பழைய பெற்றோர் ஒருவர்,
பார்க் எக்ஸ்டென்சன், மொன்றியல்